பத்து நாளில் விழுந்த சுவரும் பினாங்கில் பாரதி வீடும்

தண்ணீர்மலையான்:
நேற்று ஒரு புண்ணியவான் இங்கே எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே போச்சு. ஸ்காட்லாந்துக் கவிஞன் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த குடிசையை 1911-இல் அமெரிக்காவில், அட்லாண்டாவில், அச்சு அசலாகக் கட்டினார்களாம். அதனால் நாமும் இங்கே பினாங்கில் பட்டர்வொர்த் பக்கம் நிலம் பார்த்து, எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டை அச்சு அசலாக எழுப்பணுமாம். எது ஐயா அசல்? பர்ன்ஸ் பிறந்தது 1759 ஜனவரி 25. பிறந்த பத்து நாள் சுமாரில் புயல் அடித்துச் சுவர் விழுந்தது. தாயையும் பிள்ளையையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆக, அவன் பிறந்த வீடு போயே போச்சு. இப்ப இருப்பது ரிப்பேர் வீடு. ரிப்பேருக்கு ஒரு நகல், அந்த நகலைப் பார்த்து நமக்கு ஒரு நகலா?

எட்டயபுரத்துப் பேரன்:
அந்தப் புண்ணியவான் நான்தான். பேரைச் சொல்லியே திட்டுங்கள். விழுந்தது வீடு இல்லை, ஒரு பக்கச் சுவர். அவர் அப்பா களிமண் குழைத்துத் தன் கையால் கட்டிய வீடு அது, அவரே மறுபடி எழுப்பினார். ஸ்காட்லாந்தில் அலோவே ஊரில் இன்றும் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

தண்ணீர்மலையான்:
சுவர் விழுந்ததா இல்லையா?

எட்டயபுரத்துப் பேரன்:
ஒரு பக்கம்.

தண்ணீர்மலையான்:
விழுந்தது. அவ்வளவுதான் கேட்டேன். அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? 1781-இல் அயர் ஊர்ச் செருப்புத் தைப்பவர்கள் சங்கத்துக்கு விற்றார்கள். அதன்பிறகு அது சாராயக்கடை. 1818-இல் கவிஞர் கீட்ஸ் பக்தியோடு போய், கடைக்காரனின் குடிகாரப் பேச்சைக் கேட்டு நொந்து வந்தார். 1881-இல்தான் பர்ன்ஸ் நினைவுச் சின்னத்தைப் பராமரிப்பவர்கள் வாங்கினார்கள். 1914-இல் ஓட்டுரிமை கேட்ட பெண்கள் குண்டு வைக்கப் பார்த்தார்கள். கவிஞன் வீட்டை வைத்துக் காப்பாற்றுவது அவ்வளவு லேசு என்று நினைப்போ?

செந்தூல்காரன்:
அண்ணே, சுவரை விடுங்க லா. காசு யார் கொடுப்பது? எங்க கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், இந்தியாவின் சாஞ்சி ஸ்தூபி வாயில் மாதிரி தோரண வாயில் 2015-இல் திறந்தார்கள். நான் தினம் அதன் அடியில்தான் வேலைக்குப் போகிறேன். யாராவது நிமிர்ந்து பார்க்கிறார்களா? செல்ஃபி எடுப்பவன்கூட அது எந்த ஊர் வாயில் என்று கேட்பதில்லை.

தண்ணீர்மலையான்:
கோலாலம்பூர்க்காரர்களுக்கு எப்பவும் காசுக் கணக்குதான். 1816-லேயே பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு வைத்த ஊர் இது. நிமிர்ந்து பார்க்க இங்கே ஆள் உண்டு.

செந்தூல்காரன்:
அப்ப கட்டச் சொல்றீங்களா, வேண்டாங்கிறீங்களா?

தண்ணீர்மலையான்:
நான் சுவரைப் பற்றிப் பேசுகிறேன்.

டீச்சரம்மா பிறை:
ஐயா, நம்ம ஜாலான் பி. ரம்லி தெருவில் மலாய் நடிகர், பாடகர் ரம்லி பிறந்த பலகை வீட்டைப் பழுது பார்த்துத்தானே வைத்திருக்கிறார்கள்? பலகையை மாற்றினால் அவர் 1929-இல் அங்கே பிறக்கவில்லை என்று ஆகிவிடுமா? பாரதிக்கு எட்டயபுரத்தில் வீடும் இருக்கிறது, கல்கி முயற்சியில் எழுந்து 1947-இல் ராஜாஜி திறந்த மணிமண்டபமும் இருக்கிறது. 1908 முதல் பத்து வருசம் இருந்த புதுச்சேரியிலும் வீடு, திருவல்லிக்கேணியிலும் வீடு. பினாங்குக்கு அவர் வந்ததே இல்லை. நகல் கட்டுபவர்கள் வாசலில் அதையும் எழுதி வைக்கட்டும். செப்டம்பர் 11 நினைவு நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்றும் பார்ப்போம்.

எட்டயபுரத்துப் பேரன்:
டீச்சர், பாரதி இறந்தது ராத்திரி ஒன்றரை மணிக்கு. காலண்டரில் அது 12.

டீச்சரம்மா பிறை:
நாற்பது வருசம் பிள்ளைகளுக்கு 11 என்றுதான் சொல்லிக்கொடுத்தேன்.

எட்டயபுரத்துப் பேரன்:
நாற்பது வருசம் தப்பு.

டீச்சரம்மா பிறை:
இந்த வாயைப் போன வருச பாரதி விழாவில் காட்டியிருக்கலாம் தம்பி. இருநூறு சாப்பாட்டுப் பொட்டலம் சொல்லிவிட்டு நூற்றிருபதோடு வந்து நின்றது யார்? பிள்ளைகள் வெறும் மீ கோரேங்கை ஆளுக்கு ரெண்டு ஸ்பூன் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.

எட்டயபுரத்துப் பேரன்:
அது கேட்டரிங் ஆள் செய்த குளறுபடி. ஆயிரம் தடவை சொல்லியாச்சு.

தண்ணீர்மலையான்:
நூற்றிருபது பொட்டலத்தையே எண்ணத் தெரியாதவர் அச்சு அசலாக வீடு அளக்கப் போகிறாராம்!

நான் ஒன்று சொல்கிறேன். நான் பிறந்தது சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில், தொழிலாளிகள் வரிசை வீடான லயத்தில், எட்டாம் நம்பர் கதவு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது, ஆத்தா அம்மிக்கல்லை நகர்த்தி முட்டுக் கொடுக்கும். விடியற்காலை நாலரைக்கு அந்தக் கல் இழுபடும் சத்தத்தில்தான் எனக்கு முழிப்பு வரும். இப்ப அங்கே எண்ணெய்ப்பனை. முனியாண்டி கோயில் தகரக் கூரை மட்டும் நிற்கிறது. கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதவர் பாரதி. அவருக்கு இங்கே வீடு கட்டுவதென்றால் அந்த லயத்தைக் கட்டு, எட்டயபுரத்துத் திண்ணையை இல்லை.

செந்தூல்காரன்:
அண்ணே, அதுவும் நகல்தானே?

தண்ணீர்மலையான்:
அது வேற.

எட்டயபுரத்துப் பேரன்:
எப்படி வேற? உங்கள் லயத்தில் மொத்தச் சுவரும் போச்சு. பர்ன்ஸுக்கு ஒரு பக்கம்தான்.

தண்ணீர்மலையான்:
என் லயத்தைப் பற்றிப் பேச உனக்கு யோக்கியதை இல்லை. பத்து நாளில் விழுந்ததா, சொல்லு.

எட்டயபுரத்துப் பேரன்:
ஒரு பக்கம் மட்டும்.

டீச்சரம்மா பிறை:
எண்பது பொட்டலம்.