உதவி தேவை: ‘பிக்சர்ஸ் அட் ஆன் எக்ஸிபிஷன்’ தொடக்க ஆர்கன் ஒலி என் கீபோர்டில் வரவில்லை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எமர்சன், லேக் அண்ட் பால்மர் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ‘பிக்சர்ஸ் அட் ஆன் எக்ஸிபிஷன்’ இசைத்தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகி வருகிறேன். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1874-இல் பியானோவுக்கென்று எழுதிய, அதற்கு அடிப்படையான மூல இசைக்குறிப்பும் என் கையில் இருக்கிறது. என் கீபோர்டில் ஹாம்மண்ட் என்ற மின் ஆர்கனின் ஒலியும், அதன் ஒலிநிறத்தைக் கலக்க இழுக்கும் ஒன்பது டிராபார்களும், லெஸ்லி ஸ்பீக்கரின் சுழற்சியைப் போலச் செய்யும் வசதியும் உள்ளன.

முதலில் வரும் ‘ப்ராமனேட்’ (உலா) பகுதியிலேயே தடுமாற்றம் தொடங்கிவிடுகிறது. ராக் ஆர்கன் வாசிப்பவர்கள் வழக்கமாகத் தொடங்கும் 888000000 என்ற டிராபார் நிலையை வைத்து, ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்திலும் ஒரு தட்டலைச் சேர்க்கும் பெர்கஷனை இயக்கியும் அணைத்தும், லெஸ்லியை வேகமாகவும் மெதுவாகவும் சுழலவிட்டும் பார்த்தேன். இசைத்தட்டில் கேட்கும் அந்த அகன்ற, அசையாத, மண்டபம் முழுவதையும் நிறைக்கும் ஒலி வரவே இல்லை. ஆனால் அடுத்து வரும் ‘தி நோம்’ (குள்ளன்) பகுதிக்கு இதே அமைப்பு நன்றாகவே பொருந்துகிறது.

மெட்ரோனோமை நான்கு எண்ணிக்கைக்கு வைத்தால் இரண்டாம் வரி வருவதற்குள் கை தப்பிவிடுகிறது என்பது அடுத்த சிக்கல். அதோடு, ‘தி நோம்’ முடிந்த சிறிது நேரத்தில் இசைக்குறிப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்பதே தெரியாமல் போகிறது. இதை வாசித்துப் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. உங்கள் கீபோர்டிலும் டிராபார் நிலையிலும் எந்தக் குறையும் இல்லை. தொடக்கத்தில் ஒலிப்பது ஹாம்மண்டே அல்ல. இந்த நிகழ்ச்சி 1971 மார்ச் 26 அன்று இங்கிலாந்தின் நியூகாசில் சிட்டி ஹாலில் நேரடியாகப் பதிவு செய்யப்பட்டது. அந்த மண்டபத்தில் ஹாரிசன் அண்ட் ஹாரிசன் நிறுவனம் கட்டிய பெரிய குழல் ஆர்கன் ஒன்று இருக்கிறது. கீத் எமர்சன் முதல் ‘ப்ராமனேட்’ பகுதியை அதில்தான் வாசித்தார். மேடையின் பின்புறம் படிகளுக்கு மேலே அதன் வாசிப்புப் பலகை இருந்ததால், வாசித்து முடித்ததும் அவர் இறங்கி வந்து தம் ஹாம்மண்டுக்கும் மூக் சிந்தசைசருக்கும் முன்னால் நிற்க நேரம் வேண்டியிருந்தது. ‘ப்ராமனேட்’ முடிந்து ‘தி நோம்’ தொடங்குமுன் கார்ல் பால்மர் டிரம்மை உருட்டுகிறாரே, அந்த இடைவெளியை நிரப்பத்தான் அது சேர்க்கப்பட்டது. அடுத்த பகுதிக்கு உங்கள் அமைப்பு பொருந்தியதற்கும் இதுவே காரணம். அங்கே அவர் ஹாம்மண்டுக்கு வந்துவிட்டார்.

எனவே முதல் பகுதிக்கு ஹாம்மண்டை விட்டுவிட்டு, கீபோர்டில் ‘பைப் ஆர்கன்’ அல்லது ‘சர்ச் ஆர்கன்’ என்று இருக்கும் ஒலியை எடுங்கள். எட்டு அடி, நான்கு அடி, இரண்டு அடி என்று குறிக்கப்படும் பிரின்சிபல் (அடிப்படைக்) குழல்களும், உச்ச ஒலிகளைச் சேர்க்கும் மிக்ஸ்சரும் கலந்த ஒலியாக இருந்தால் நல்லது. லெஸ்லி, வைப்ரேட்டோ, பெர்கஷன் மூன்றையும் அணைத்துவிடுங்கள். விரலின் அழுத்தத்திற்கேற்ப ஒலி கூடிக் குறையும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும், ஏனெனில் எத்தனை வேகமாக அடித்தாலும் குழலுக்குள் போகும் காற்று மாறுவதில்லை. எதிரொலியைப் பெரிய மண்டபத்தின் அளவுக்கு வையுங்கள். இதிலும் நான் மிக முக்கியமாகக் கருதுவது விரல் எடுக்கும் நேரம். குழல் ஆர்கனில் விசையை விட்ட நொடியே குழல் ஓய்ந்துவிடும், மிஞ்சுவது மண்டபத்தின் முழக்கம் மட்டுமே. ஆகவே ஸ்வரங்களை விரலாலேயே கோத்து வாசிக்க வேண்டும். பியானோ பழக்கத்தில் சஸ்டெயின் பெடலை மிதித்தால் எல்லாம் குழம்பிவிடும்.

ஹாம்மண்ட் பகுதிகளுக்கு ஒரு குறிப்பு: பெர்கஷன் இயங்கும்போது ஒன்பதாவது டிராபார் ஒலிக்காது. பழைய ஹாம்மண்ட் சி-3, பி-3 கருவிகளின் உள்ளமைப்பே அப்படி. அவற்றைப் பின்பற்றும் கீபோர்டுகள் பலவும் அப்படியே நடந்துகொள்ளும் என்பதால், அதைக் கருவியின் பழுது என்று எண்ண வேண்டாம்.

மறுமொழி 2

தாளத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ‘ப்ராமனேட்’ நான்கு எண்ணிக்கையில் அமைந்ததே அல்ல. முசோர்க்ஸ்கியின் குறிப்பில் ஐந்தும் ஆறும் மாறி மாறி வருகின்றன. முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜி, எஃப், பி-ஃபிளாட் மூன்றும் ஒவ்வோர் எண்ணிக்கை, சி, எஃப் இரண்டும் அரை அரையாக ஓர் எண்ணிக்கை, டி ஓர் எண்ணிக்கை, ஆக ஐந்து. தொடர்வது சி, எஃப் அரை அரையாக, பிறகு டி, பி-ஃபிளாட், சி, ஜி, எஃப், ஆக ஆறு. மெட்ரோனோமில் முதல் எண்ணிக்கைக்குத் தனி மணி ஒலிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, வெறும் தட்டல்களோடு பதினொன்று எண்ணி வாசித்துப் பாருங்கள், கை தப்பாது. கண்காட்சி அரங்கில் ஒருவர் படத்துக்குப் படம் நடந்து செல்வதைத்தான் இசை சொல்கிறது. 1873-இல் காலமான தம் நண்பர், ஓவியரும் கட்டடக் கலைஞருமான விக்டர் ஹார்ட்மனின் படைப்புகள் வைக்கப்பட்ட கண்காட்சியைப் பார்த்த பிறகே முசோர்க்ஸ்கி இதை எழுதினார். அந்த நடை ராணுவ அணிவகுப்பைப் போல ஒரே சீராக இல்லாததுதான் இதன் உயிர் என்பது என் உறுதியான எண்ணம்; நான்கில் அடக்கி வாசிக்க முயன்றால் அது போய்விடும்.

நீங்கள் பக்கத்தைத் தவறவிடுவதற்குக் காரணம், இசைத்தட்டு மூலக்குறிப்பின் வரிசையில் போவதில்லை என்பதே. மூலத்தில் உள்ள பத்துப் படங்களில் குள்ளன், பழைய கோட்டை, ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளின் சூனியக்காரி பாபா யாகாவின் குடில், கீவ் நகரின் பெருவாயில் ஆகிய நான்கை மட்டுமே இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘தி நோம்’ முடிந்ததும் வரும் ‘ப்ராமனேட்’ பகுதிக்கு கிரெக் லேக் சொற்கள் எழுதிப் பாடுகிறார். அதை அடுத்து கிதாரோடு வரும் ‘தி சேஜ்’ முழுவதும் அவருடைய சொந்தப் படைப்பு. அந்த இடத்தில் இசைக்குறிப்பை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள், பிறகு ‘தி ஓல்ட் காசில்’ வரும்போது திறந்தால் போதும். ஆனால் மூலத்தில் அது மெல்ல அசையும் சோகமான பாட்டு; இவர்கள் அதை விரட்டி ஓட்டுகிறார்கள். பின்தொடரும் ‘ப்ளூஸ் வேரியேஷன்’ குழுவினரே உருவாக்கியது. இசைத்தட்டின் முதல் பக்கம் அதோடு முடிகிறது.

இரண்டாம் பக்கத்தில் உள்ள பாபா யாகா பகுதியைத்தான் இந்தத் தட்டிலேயே மிகச் சிறந்த சிந்தனை என்று நினைக்கிறேன். முசோர்க்ஸ்கி அந்தப் படத்தை வேகம், நிதானம், மீண்டும் வேகம் என்று மூன்று பிரிவாக எழுதியிருக்கிறார். இவர்கள் அந்த நிதானப் பிரிவின் இடத்தில் ‘தி கர்ஸ் ஆஃப் பாபா யாகா’ என்ற தங்கள் சொந்தப் பகுதியை வைத்து, முன்னும் பின்னும் மூலத்தின் வேகப் பிரிவை வாசிக்கிறார்கள். உறுப்புகளை மாற்றினாலும் எலும்புக்கூட்டை மாற்றவில்லை. கடைசியில் வரும் ‘நட்ராக்கர்’ முசோர்க்ஸ்கியுடையது அல்ல; அது சைக்கோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ பாலேயில் வரும் அணிவகுப்பு இசையிலிருந்து பிறந்தது. அதை உங்கள் குறிப்பில் தேட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குழல் ஆர்கன் ஒலிக்கு மாற்றியதும் முதல் பகுதி கண்முன்னே திறந்துகொண்டது போல் இருக்கிறது, பதினொன்று எண்ணும் முறையும் கைக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பதிவோடு சேர்த்து வாசிக்கும்போது சுருதி இம்மியளவு விலகி, நீண்ட ஸ்வரங்களில் ஓர் அலைவு கேட்கிறது. மேலும் என்னிடமுள்ள எம்பி3 கோப்புகளில், ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் ஒலி ஒரு கணம் அறுந்துவிடுகிறது. ‘தி கிரேட் கேட்ஸ் ஆஃப் கீவ்’ பகுதியின் நடுவில் வரும் அலறல் எந்த ஒலியமைப்பில் கிடைக்கும் என்றும் யாராவது சொல்லுங்கள்.

மறுமொழி 3

அறுந்து போவதற்குக் காரணம் கோப்பின் வகைதான். எம்பி3-ஆக மாற்றும்போது ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது வெறுமை சேர்ந்துவிடும். ஒரே மூச்சில் வாசிக்கப்பட்ட இத்தகைய நிகழ்ச்சியில் அது அப்பட்டமாகத் தெரியும். குறுந்தகட்டிலிருந்து ஒலித்தரம் குறையாத ஃபிளாக் வகைக் கோப்பாக எடுத்து, இடைவெளியின்றி இசைக்கும் வசதியுள்ள செயலியில் கேளுங்கள். இசைத்தட்டைப் புரட்ட வேண்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் அறுபடாது.

சுருதிக்கு ஒரே எண்ணை வைத்து முழுத் தட்டையும் கடக்க நினைக்காதீர்கள். குழல் ஆர்கனின் சுருதி மண்டபத்தின் வெப்பத்தோடு ஏறி இறங்கும். ஹாம்மண்டில் சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணோடு பூட்டப்பட்டிருப்பதால் அதன் சுருதி நிலையாக நிற்கும். அந்தக் கால மூக் சிந்தசைசரோ சூடேறினால் நகரக்கூடியது. மூன்றும் ஒரே மேடையில் இருந்த நிகழ்ச்சி இது. ஆகவே ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்து, அலைவு மறையும்வரை கீபோர்டின் நுண்சுருதியைத் திருத்துங்கள். இசைத்தட்டிலிருந்து கேட்பவர் என்றால், முதலில் தட்டுச் சுழலியின் வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 1

அந்த அலறலுக்கு ஒலியமைப்பு எதுவும் இல்லை நண்பரே. எமர்சனிடம் சி-3 தவிர எல்-100 என்ற சிறிய ஹாம்மண்ட் ஒன்றும் இருந்தது. மேடையில் அதைத் தள்ளியும் சாய்த்தும் உலுக்கியும், ஒலிபெருக்கியின் முன் வைத்து ஊளையிட வைத்தும் எழுப்பிய இரைச்சல் அது. கீபோர்டில் நெருங்கிப் போக வேண்டுமானால், ஹாம்மண்ட் ஒலிக்கு டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் வசதியை) உயர்த்தி, ஓரிரு ஸ்வரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு, சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் சக்கரத்தை மெதுவாகக் கீழிறக்குங்கள். இடக்கையால் எதையும் வாசிக்க வேண்டாம். பெருவாயிலின் முதன்மை மெட்டு திரும்பும்போது டிஸ்டார்ஷனைக் குறைத்து, டிராபார்கள் அனைத்தையும் இழுத்து, மூலக்குறிப்பில் உள்ளபடி இரு கைகளாலும் முழுக் கோர்வைகளை வாசியுங்கள்.