புதுப்பிப்பு: பிரமாணப் பத்திரத்தில் பொய், கடைசியில் எது கைகொடுத்தது

மகளை நான் ஒழுங்காகப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று கணவர் குடும்ப நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் போட்டிருக்கிறார், என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். தூக்கமில்லாத அந்த நாட்களில் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பொய்ச் சாட்சியத்துக்கு உடனே நடவடிக்கை எடுங்கள் என்றவர்கள்தான் அதிகம். பலன் தந்தது வேறு யோசனை: பள்ளி வருகைப் பதிவேட்டை வரவழைக்க மனு போடச் சொன்னது. தலைமையாசிரியையே கொண்டுவந்தார். கணவர் குறிப்பிட்ட ஜூலை மாதத்தில் ஒரே நாள் விடுப்பு; பக்கத்தில் சிவப்பு மையில் 'காய்ச்சல்'. இடைக்காலமாக மகள் என்னிடமே இருக்கிறாள்.

அப்புறம், பொய்ச் சாட்சியத்துக்காக பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 379-இன் கீழ் மனுவும் போட்டோம் (பழைய சி.ஆர்.பி.சி. சட்டத்தில் இது பிரிவு 340). அதைப் பிரதான வழக்கோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று நீதிபதி தள்ளிவைத்துவிட்டார். சாட்சியமாகக் கொடுத்த வாட்ஸ்அப் செய்திகளுக்கு, சாட்சிய அதிநியமம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன் கீழ் மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழ் இணைத்தோம், அதை மறக்காதீர்கள்.

எதிர்பாராதது: ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் தந்த தீர்ப்புப்படி ஜீவனாம்சத்துக்கு நானும் சொத்து, கடன் விவரம் தர வேண்டியிருந்தது. சின்ன ஆர்.டி. (மாதாந்திர சேமிப்பு) கணக்கைக்கூட விடாமல் எழுதினேன். இன்னொன்று, நீதிபதி மகளிடம் தன் அறையில் தனியாகப் பேசினார். நான் வெளியே நடுங்கிக்கொண்டிருந்தேன். வந்தவள், "பசிக்குதும்மா" என்றாள்.