மேனேஜிங் டிரஸ்டி நான்கு மாதம் ஊரில் இல்லை: முன்கூட்டியே என்னென்ன மாற்றி வைக்க வேண்டும்?

தாராவி_கணக்கு:
வணக்கம். தாராவியில் சின்ன டிரஸ்ட், சேரிட்டி கமிஷனரிடம் பதிவு பெற்றது. இரண்டு டியூஷன் சென்டர், சம்பளத்துக்கு ஐந்து பேர், மூன்று டிரஸ்டிகள். மேனேஜிங் டிரஸ்டி (நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர்) தன் மகளின் பிரசவத்துக்காக ஜூன் நடுவில் சிங்கப்பூர் போகிறார். திரும்ப அக்டோபர் நடுவாகும். பேங்க் ஓடிபி, வருமான வரி போர்ட்டல், டிரஸ்ட் ஜிமெயில் எல்லாம் அவர் போனில். செக்கில் அவர் கையெழுத்து கட்டாயம், கூட இன்னொரு டிரஸ்டி. "இருபது செக்கில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போகிறேன், மற்றதை வாட்ஸ்ஆப்பில் பேசிக்கொள்ளலாம்" என்கிறார். போதுமா? இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை கிடையாது.

மாதுங்கா_ஆடிட்:
போதாது. கையெழுத்திட்ட வெற்றுச் செக் யார் கையில் இருக்கிறதோ அவர் நிரப்பினால் பணம் போய்விடும். அந்தத் தொகைக்குக் கொடுக்கவில்லை என்று நிரூபிக்கும் பாடு டிரஸ்டுடையது. போதாததற்கு, பெரிய தொகைச் செக்குகளுக்குப் பாசிட்டிவ் பே (செக் விவரத்தை முன்கூட்டியே பேங்குக்கு உறுதிசெய்வது) விவரம் கேட்கும் பேங்காக இருந்தால் அந்த உறுதிப்பாடும் அக்காவின் போனில்தான் போய் நிற்கும்.

முதலில் டிரஸ்ட் பத்திரத்தைப் படியுங்கள். மேனேஜிங் டிரஸ்டி கையெழுத்து கட்டாயம் என்று பத்திரமே சொன்னால் தீர்மானம் மட்டும் செல்லாது, வக்கீலிடம் காட்டுங்கள். அப்படி இல்லையென்றால் "மூவரில் எவரேனும் இருவர் சேர்ந்து" என்று தீர்மானம் போட்டு, கணக்கு எண், மூவர் பெயர், மாதிரிக் கையெழுத்து, நடைமுறைக்கு வரும் தேதி எல்லாம் அதில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மினிட்ஸ் சான்று நகல், மூவருக்கும் கேஒய்சி. கிளை திருப்பி அனுப்ப ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும், அதனால் இந்த வாரமே கொடுங்கள். நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தரும் முறையைக் கேளுங்கள். இருவருக்கும் தனித்தனி ஐடி, தனித்தனி மொபைல் எண்.

எல்லோரும் கோட்டை விடும் இடம், வருமான வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாளான செப்டம்பர் 30. ஆடிட்டர் தணிக்கை அறிக்கையை ஏற்றியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். டிரஸ்ட் தன் லாகினில் போய் அதை ஏற்றுக்கொண்டால்தான் தாக்கல் ஆனதாகக் கணக்கு. அதற்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ (கம்ப்யூட்டரில் செருகும் யூஎஸ்பி கருவி) ஓடிபியோ வேண்டும். அக்கா தன் டோக்கனைக் கையோடு கொண்டு போகட்டும். லேப்டாப்பில் டிரைவர் போட்டு, இங்கிருக்கும்போதே ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும். தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். ஆபீசில் பாஸ்வேர்டோடு விட்டுப் போவது வெற்றுச் செக்கை விடப் பெரிய ஆபத்து. இன்னும் நல்லது, போர்ட்டலில் இன்னொரு டிரஸ்டியை முதன்மைத் தொடர்பாக மாற்றி அவர் டோக்கனைப் பதிவு செய்வது.

வருமான வரித் துறைக்குத் தரும் நன்கொடையாளர் பட்டியல் (படிவம் 10பிடி) மே 31க்குள். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். அதை அவர் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

செம்பூர்_நிர்வாகம்:
பேங்க் சரியானாலும், முடிவெடுக்க ஆள் இல்லாவிட்டால் எல்லாக் கேள்வியும் சிங்கப்பூர் போனுக்கே போகும். ஒரே பக்கத்தில் எழுதி மூன்று டிரஸ்டிகளும் கையெழுத்திடுங்கள்: 5,000 ரூபாய் வரை ஒருங்கிணைப்பாளர் தானே செய்யலாம், 25,000 வரை ஒரு டிரஸ்டி சரி சொன்னால் போதும், அதற்கு மேல் இருவர், எழுத்தில். தொகையை உங்கள் மாதச் செலவுக்குத் தக்கபடி மாற்றுங்கள். எண்ணே போடாமல் "அவசரச் செலவு" என்று விட்டால் சண்டை நிச்சயம். ஆள் சேர்ப்பது, நீக்குவது, புது நன்கொடை ஒப்பந்தம் ஆகியவை ஒருங்கிணைப்பாளர் கையில் இல்லை என்பதையும் அதே தாளில் சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் யாரையும் கேட்கக் காத்திருக்கக் கூடாது. குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். "அக்காவிடம் கேட்டுவிட்டு" என்பதற்கு அங்கே இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை இரண்டு சென்டர் சுவரிலும் ஒட்டுங்கள்.

பிறகு ஒத்திகை. மே 28 முதல் ஜூன் 10 வரை அக்கா ஊரில் இருந்தபடியே விடுப்பில் இருக்கட்டும். சம்பள நாளும் 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வரி) கட்டும் நாளும் அதற்குள் வந்துவிடும். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் கேள்வியை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். ஒப்படைக்க வேண்டியவை எவை என்று அந்த நோட்டைப் பார்த்தால் தெரியும். உட்கார்ந்து யோசித்து எழுதும் பட்டியலில் பாதி விட்டுப் போகும்.

சயான்_டெக்:
போன் பற்றி மட்டும். ப்ரீபெய்ட் சிம் 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண் போய்விடலாம். நான்கு மாதத்துக்கு இது விளையாட்டில்லை. கிளம்பும் முன் சர்வதேச ரோமிங் போட்டு, ரீசார்ஜும் செய்துவிடுங்கள். ஜிமெயிலில் பத்து பேக்கப் கோட் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான். அச்செடுத்து உறையில் போட்டு ஒட்டி இன்னொரு டிரஸ்டியிடம் கொடுங்கள். பெற்றோர் வாட்ஸ்ஆப் குரூப்களில் இரண்டாவது அட்மின். நன்கொடை க்யூஆர் அக்காவின் சொந்தக் கணக்கில் இருந்தால் இன்றே கிழித்துவிட்டு டிரஸ்ட் கணக்குக்கு எடுங்கள்.

தாராவி_கணக்கு:
நன்றி. இரண்டு சந்தேகம். அவர் இல்லாததற்கு சேரிட்டி கமிஷனரிடம் சேஞ்ச் ரிப்போர்ட் (மாற்ற அறிக்கை) போட வேண்டுமா? ஒரு சென்டரின் லீவ் அண்ட் லைசென்ஸ் (வாடகை ஒப்பந்தம்) ஆகஸ்டில் முடிகிறது, அக்காதான் கையெழுத்திட்டவர்.

மாதுங்கா_ஆடிட்:
ராஜினாமா செய்யாதவரை வேண்டாம். அவர் ராஜினாமா செய்தாலோ புது டிரஸ்டியைச் சேர்த்தாலோதான் மகாராஷ்டிரா பொது டிரஸ்ட் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி 90 நாளுக்குள் போட வேண்டும். ஆனால் பயணம் நீண்டால் கவனம்: சேரிட்டி கமிஷனர் அனுமதி இல்லாமல் தொடர்ந்து ஆறு மாதம் இந்தியாவுக்கு வெளியே இருந்தால், அவரை நீக்கக் கோரி டிரஸ்டில் அக்கறை உள்ள எவரும் அதே சட்டத்தின் 47ஆம் பிரிவில் மனுப் போடலாம்.

லீவ் அண்ட் லைசென்சை மகாராஷ்டிராவில் பதிவு செய்தே ஆக வேண்டும்; கையெழுத்திடுபவரின் ஆதார் சரிபார்ப்பும் உண்டு, சிங்கப்பூரிலிருந்து விரல் வைக்க முடியாது. ஓனர் சம்மதித்தால் ஜூனிலேயே புதுப்பியுங்கள். மாட்டேன் என்றால் இன்னொரு டிரஸ்டிக்கு அதிகாரம் தரும் தீர்மானத்தை, சென்டர் முகவரியும் அதிகபட்ச வாடகையும் குறிப்பிட்டு, பேங்க் தீர்மானம் போடும் அதே கூட்டத்தில் போட்டுவிடுங்கள்.