தலைமையகத்தின் ஒப்புதலும் கிளையின் பருவமும்: டெல்டா அனுபவங்கள்

எதையும் தலைமையகத்தின் ஒப்புதல் பெற்றே செய்ய வேண்டும் என்றால் கிளைகளும் பிரிவுகளும் என்ன படுகின்றன என்று இருவர் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள்.

மன்னார்குடிப் பகுதியைச் சேர்ந்தவர்:

உரம், விதை, பண்ணைக் கருவி என்று மூன்று பிரிவுகள் கொண்ட ஒரு வணிகக் குழுமத்தின் கிளையை இங்கே நடத்தி வருகிறேன். கிளைகள் தாமே செய்துவந்த கொள்முதலை எங்கள் குழுமம் 2019இல் சென்னைத் தலைமையகத்துக்கு மாற்றிக்கொண்டது. அதில் நியாயம் இருந்தது. கிளைகள் தனித்தனியே வாங்கியபோது ஒரே விதைக்கு ஐந்து விலை இருந்தது. ஒரு கிளை சில்லறை வணிகர்களுக்கு வரம்பின்றிக் கொடுத்த கடன் வசூலாகாமல் போய், மற்றக் கிளைகளின் இலாபத்தை விழுங்கியதையும் நான் கண்டேன்.

ஆனால் 2022ஆம் ஆண்டில் பட்டதை மறக்க முடியவில்லை. வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும் மேட்டூர் அணை அவ்வாண்டு மே 24 அன்றே திறக்கப்பட்டது. தலைமையகத்தின் கொள்முதல் அட்டவணையோ ஜூன் 12ஐ வைத்துப் போடப்பட்டிருந்தது. முன்கூட்டியே தண்ணீர் வரும் என்று தெரிந்தவுடன் குறுவைக்கான குறுகியகால ரகங்களான ஆடுதுறை 43, கோ 51 விதைநெல் கேட்டு எழுதினேன். அந்தக் கோரிக்கை மண்டல மேலாளர், கொள்முதல் பிரிவு, நிதிப் பிரிவு என்று மூன்று மேசைகளில் நின்று, பதினோராம் நாள்தான் ஒப்புதலாகித் திரும்பியது. பல ஆண்டுகளாக எங்களிடமே வாங்கும் பெரியவர் ஒருவர், "தம்பி, ஆத்துல தண்ணி வந்துடுச்சு, நாத்து விடணும். மெட்ராஸ் கடுதாசி வர்ற வரைக்கும் நான் எப்படிக் காத்திருக்கிறது?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். விதை வாங்கிய கடையிலேயே அடியுரமும் வாங்குவது இங்கு பலருக்கு வழக்கம் என்பதால், அந்தக் குறுவையில் டிஏபி என்னும் அடியுரத்தின் விற்பனையும் சேர்ந்தே படுத்தது.

அறுவடை முடிந்ததும் தலைமையகத்துக்குச் சென்று பேசினேன். எல்லா அதிகாரத்தையும் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. உரத்தை, நமது உர விற்பனை அனுமதியில் சேர்க்கப்பட்ட 'ஓ' படிவம் (உரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கான சான்று) கொடுத்த நிறுவனத்திடமிருந்து அல்லாமல் வேறிடத்தில் வாங்கினால் 1985ஆம் ஆண்டின் உரக்கட்டுப்பாட்டு ஆணையை மீறியதாகும். அவசரத்தில் ஒரு கிளை மேலாளர் செய்யும் அந்தத் தவற்றில் குழுமத்தின் பெயரே கெடும். ஆகவே உரக் கொள்முதலும் கடன் வரம்பும் அங்கேயே இருக்கட்டும் என்றேன். நீல அட்டையுள்ள சான்று விதையை மட்டும், தலைமையகம் முன்பே விலை பேசி வைத்த உற்பத்தியாளர்களிடம், குறித்த தொகைக்குள், அன்றே தகவல் தெரிவித்துவிட்டுக் கிளையே வாங்கலாம் என்று முடிவாயிற்று. 2024இல் அணை ஜூலை 28 அன்றுதான் திறந்தது. அதை எதிர்பார்த்துக் குறுவை விதையை நானே குறைத்து, சம்பாவுக்கான நீண்டகால நெல் ரகமான சி.ஆர். 1009ஐக் கூட்டி வாங்கினேன். கிடங்கில் ஒரு மூட்டைகூடத் தேங்கவில்லை.

பட்டுக்கோட்டையைச் சேர்ந்த மற்றொருவர்:

நான் மேசையின் மறுபக்கத்தில் இருந்தவன். வேறொரு குழுமத்தின் தலைமையகத்தில் உள்தணிக்கை பார்த்தேன். அன்றாட நடப்பைப் பிரிவுகளிடம் விட்டு, நிதியையும் முதலீட்டையும் மையத்தில் வைத்த ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்பிரட் ஸ்லோனின் முறையை எங்கள் பயிற்சிகளில் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். எங்களிடம் நடைமுறையில் இருந்தது அதன் பின்பாதி மட்டுமே.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, எங்கள் ஊர்ப்பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்து, மின்சாரமும் தொலைபேசியும் நாள்கணக்கில் இல்லாமல் போயின. எங்கள் தேங்காய்ப் பிரிவின் மேலாளர், யாரையும் தொடர்புகொள்ள வழியின்றி, கையிருப்புப் பணத்தில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தார். தொழிலாளர்களுக்கு முன்பணமும் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து அதை 'ஒப்புதலற்ற செலவு' என்று அறிக்கையில் எழுதியவன் நான். விதிப்படி அது சரிதான். ஆனால் அந்தச் செலவால்தான் பிரிவு பத்தே நாளில் மறுபடி இயங்கியது என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடமும் இல்லை, எனக்கு எண்ணமும் வரவில்லை.

பேரிடர்க் காலத்தில் பிரிவுத் தலைவர் குறித்த தொகை வரை செலவிட்டு, பதினைந்து நாளுக்குள் இரசீது தரலாம் என்ற விதியைப் பின்னர் நானே எழுதிக் கொடுத்து நிறைவேற்றச் செய்தேன். அந்த மேலாளர் அதற்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார்.