ரனன்குலஸ் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகுகிறது, எந்த மண் கலவை சரி?

புதுப்பாத்தி:
வணக்கம். இந்தக் குளிர்காலத்துக்கு ரனன்குலஸ் என்ற பூச்செடியின் கிழங்குகளை நட்டேன். பாதிக் கிழங்கு முளைக்கவே இல்லை. முளைத்தவையும் நாலைந்து இலை விட்டதும் மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டன. தோண்டிப் பார்த்தால் கிழங்கு பழுப்பேறிக் கொழகொழவென்று இருக்கிறது, நாற்றம் வேறு.

தரையில் இருப்பது களிமண். நனைந்தால் காலில் அப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் மக்கிய எரு கொஞ்சம் கலந்து ஒரு பகுதியை நட்டேன். மீதியைத் தொட்டிகளில் நட்டேன். அதில் பாதி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), பாதி மண்புழு உரம், அடியில் ஒரு அடுக்கு சரளைக்கல். இரண்டு இடத்திலும் ஒரே கதைதான். தினமும் தண்ணீர் விடுவதில்லை, மேல்மண் காய்ந்த பிறகுதான் விடுகிறேன்.

இன்னும் ஒரு பை கிழங்கு கையில் இருக்கிறது. நடுவதற்கு முன் மண்ணைச் சரிசெய்ய வேண்டும். களிமண்ணில் மணல் கலந்தால் போதுமா? தொட்டிக்கு என்ன கலவை? பி.எச். (மண்ணின் அமில, காரத்தன்மை அளவு) எல்லாம் பார்க்க வேண்டுமா?

மாடிக்காரன்:
களிமண் என்றால் மணல்தான் மருந்து. ஒரு கூடை மண்ணுக்குக் கால் கூடை மணல் போட்டுக் கொத்திவிடுங்கள், இளகிவிடும்.

வேர்க்கால்:
மாடிக்காரன் அண்ணா, இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. கால் பங்கு மணல் களிமண்ணை இளக்காது. களித்துகள்கள் மிக நுண்ணியவை, மணல் பருக்கைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை எல்லாம் அவை அடைத்துக்கொள்ளும். காய்ந்த பிறகு முன்பைவிடக் கெட்டியாகிவிடும். மணலால் மண்ணின் குணம் மாற வேண்டுமானால் மொத்தத்தில் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும். அவ்வளவு மணலைக் கொட்டுவதற்குப் புதிதாக ஒரு பாத்தியே கட்டிவிடலாம்.

ரனன்குலஸுக்குச் சத்தைவிட முதலில் வேண்டியது காற்று. காய்ந்த கிழங்கு நீர் குடித்து உப்பும்போது அது சுவாசிக்கும் வேகம் கூடுகிறது. அந்த நேரத்தில் மண்ணின் துளைகள் முழுக்க நீர் நின்றால் ஆக்சிஜன் கிடைக்காது. உடனே பித்தியம் போன்ற வேரழுகல் கிருமிகள் புகுந்துவிடும். நீங்கள் சொல்லும் கொழகொழப்பும் நாற்றமும் அதைத்தான் காட்டுகின்றன.

எதையும் கலக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நடப்போகும் இடத்தில் 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்தில் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். அது முழுக்க வடிந்ததும் இரண்டாம் முறை நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2.5 முதல் 5 செ.மீ. வரை இறங்கினால் நல்ல மண். முதல் நிரப்பலை நம்ப வேண்டாம், காய்ந்த மண் அப்போது உறிஞ்சத்தான் செய்யும்.

புதுப்பாத்தி:
சரி, குழி வெட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஆனால் தொட்டியில் களிமண்ணே இல்லையே, அங்கே ஏன் அழுகியது? சரளை போட்டால் நீர் வடியும் என்றுதானே சொல்வார்கள்?

வேர்க்கால்:
எல்லோரும் சொல்வதுதான், ஆனால் அது நடப்பதில்லை. நுண்ணிய கலவையில் இருக்கும் நீர், கீழே இருக்கும் பெரிய இடைவெளிக்குள் தானாக இறங்காது. மேலே உள்ள கலவை சொதசொதவென்று நிறைந்த பிறகுதான் சொட்டும். அந்த ஈர அடுக்கு, சரளை இல்லாவிட்டால் தொட்டியின் அடியில் நின்றிருக்கும். சரளை போட்டதால் அது மேலே ஏறிக் கிழங்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. துளைகள் தாராளமாக இருந்தால் போதும். மண் கொட்டிப்போகாமல் இருக்க ஒரு துண்டு வலை வையுங்கள்.

அப்புறம், கோகோபீட்டும் மண்புழு உரமும் இரண்டுமே நீரைப் பிடித்து வைப்பவை. மேலே வெளுத்துக் காய்ந்ததுபோலத் தெரியும், ஒரு விரல் கீழே பிழிந்தால் நீர் வரும். மேல்மண்ணைப் பார்த்து நீர் விட்டால் ஏமாந்துபோவீர்கள். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், அல்லது தொட்டியைத் தூக்கி எடை பாருங்கள்.

நான் போடும் கலவை: அலசிய கோகோபீட் 2 பங்கு, நன்கு மக்கிய உரம் 1 பங்கு, பெர்லைட் (பொரித்த எரிமலைப் பாறையின் இலேசான வெள்ளைத் துகள்) 1 பங்கு. பெர்லைட் இல்லையென்றால் பருமணல், மாவுபோன்ற மணல் வேண்டாம். வெர்மிகுலைட்டை (மைக்கா போன்ற கனிமத்தைப் பொரித்த துகள்) பெர்லைட்டுக்குப் பதிலாகப் போட்டுவிடாதீர்கள், அதுவும் நீரைப் பிடிக்கிற ஆள்தான். தொட்டி 20 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும்.

இலைநரம்பு:
"அலசிய" என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். அலசாத கோகோபீட் கட்டியில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் நிறைய இருக்கலாம். இளம் வேருக்கு அது ஆகாது, இலை நுனி கருகும். ஊறவைத்துப் பிழிந்து, தெளிந்த நீர் வரும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். மண்புழு உரத்திலும் உப்பு உண்டு, பாதிக்குப் பாதி என்பது ரொம்ப அதிகம். பச்சை எரு கிட்டேயே வர வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் இலை மட்டும் செழிக்கும், பூ குறையும்.

மஞ்சளானது எந்த இலை? புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்ததா, இல்லை எல்லாமே மஞ்சளாகித் தொங்கியதா?

புதுப்பாத்தி:
தொட்டியில் எல்லாமே மஞ்சளாகித் தொங்கின. தரையில் இருந்த இரண்டு செடிகளில் மட்டும் நீங்கள் சொன்ன மாதிரி நரம்பு பச்சை, மற்றது வெளுப்பு.

குழிச் சோதனையும் முடிந்தது. இரண்டாம் முறை நிரப்பி ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு செ.மீ.கூட முழுதாக இறங்கவில்லை. பி.எச். சோதனைப் பட்டை 7.8 என்று காட்டுகிறது. கந்தகம் போட்டால் குறையுமாமே? ஜிப்சம் போட்டால் களிமண் பிரியும் என்றும் ஒருவர் சொன்னார்.

இலைநரம்பு:
அப்படியானால் தொட்டியில் வேரழுகல், தரையில் அதோடு இரும்புச்சத்துக் குறையும் சேர்ந்திருக்கலாம். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை ஏறினால் வேரால் எடுக்க முடியாது. ரனன்குலஸுக்கு 6 முதல் 7 வரை பி.எச். ஏற்றது.

காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, எவ்வளவு கந்தகம் போட்டாலும் அந்தச் சுண்ணாம்பு விழுங்கிவிடும். நுரைக்காவிட்டாலும் கந்தகம் அவசரத்துக்கு உதவாது. மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள்தான் அதை அமிலமாக மாற்ற வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், குளிர்ந்த மண்ணில் இன்னும் மெதுவாகும். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் பலன் தரும். எல்லாக் களிமண்ணுக்கும் அது மருந்தல்ல.

வேர்க்கால்:
அந்தத் தரையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதன்மேல் 25 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மணற்பாங்கான வண்டல் மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம் கலந்தால் போதும். கொண்டுவரும் மண்ணையும் பி.எச். பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். அடியில் உள்ள களிமண்ணை தோட்ட முள்கரண்டியால் லேசாகக் கிளறிவிடுங்கள், அது ஈரமாக இருக்கும்போது மட்டும் தொடாதீர்கள். ஆண்டுதோறும் மேலே மக்கு போட்டுக்கொண்டே வந்தால் மண்புழுக்கள் அதைக் கீழே இழுத்து, களிமண்ணும் மெல்ல மெல்லப் பொலபொலப்பாகும். அது நீண்ட கால வேலை, இந்தப் பருவத்துக்கு மேடுதான் வழி.

மொட்டுக்காத்தவள்:
இடையில் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். மண்ணையே குற்றவாளி ஆக்குகிறோம். நடுவதற்கு முன் கிழங்கை எவ்வளவு நேரம் ஊறவைத்தீர்கள்?

புதுப்பாத்தி:
ராத்திரி முழுக்க, அக்கா. நன்றாக உப்பியிருந்தது.

மொட்டுக்காத்தவள்:
அதுதான் கேட்டேன். சாதாரண நீரில் 3, 4 மணி நேரம் போதும். அதற்கு மேல் ஊறினால் மண்ணுக்குப் போகும் முன்பே அழுகல் தொடங்கிவிடும். ஊறியதும் லேசான ஈரமுள்ள கோகோபீட்டில் தட்டில் பரப்பி, 10 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்ந்த இருட்டான இடத்தில் 10 முதல் 14 நாள் வையுங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் ஒரு சொட்டும் வரக் கூடாது, அந்த அளவு ஈரம். பூஞ்சை பிடித்ததை உடனே எடுத்துவிடுங்கள். வெள்ளை வேர் எட்டிப்பார்த்தவற்றை மட்டும் நடுங்கள். இப்படிச் செய்தால் கெட்ட கிழங்கு பாத்திக்கே போகாது.

விரல் மாதிரி இருக்கும் நகப்பகுதி கீழ்நோக்கி, 5 செ.மீ. ஆழத்தில், 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் நடலாம். மண் 20 டிகிரிக்கு மேல் சூடேறும் பருவத்துக்கு முன் பூத்து முடிக்க வேண்டும். இல்லையென்றால் எந்த மண்ணாக இருந்தாலும் செடி உறங்கப் போய்விடும்.

மாடிக்காரன்:
மணல் விஷயத்தில் வேர்க்கால் சொன்னது சரிதான் போல. எனக்கு மணல் கலந்து நன்றாக வந்தது. என் மண் களிமண் இல்லை, செம்மண். அதனால்தான் தப்பியிருக்கும்.

புதுப்பாத்தி:
எல்லோருக்கும் நன்றி. வினிகர் நன்றாகவே நுரைத்தது, அதனால் மேட்டுப்பாத்தி உறுதி. கடைசியாக ஒன்று: பழைய தொட்டிக் கலவையில் பெர்லைட்டைச் சேர்த்து மறுபடி பயன்படுத்தலாமா? நிறைய இருக்கிறது, கொட்ட மனசில்லை.

வேர்க்கால்:
ரனன்குலஸுக்கு வேண்டாம். அழுகல் கிருமிகள் அதில் இருக்கும். கிழங்குச் செடிகள் இல்லாத இடத்தில், பெரிய மரத்தடியில் பரப்பிவிடுங்கள். தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி, 9 பங்கு நீருக்கு 1 பங்கு பிளீச் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, அலசிக் காயவிட்ட பிறகு புதுக் கலவையை நிரப்புங்கள்.