‘மரபணு விரல்ரேகை’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

டீ.என்.ஏ.யை வைத்து ஆளை அடையாளம் காணும் ‘டீ.என்.ஏ. ஃபிங்கர்பிரின்டிங்’ சோதனைக்குத் தமிழ்ச் சொல்லாகத் தம்பி முன்வைத்த ‘மரபணு விரல்ரேகை’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் இரண்டு பாதியிலும் எனக்கு இடறுகிறது.

முதலில் ‘மரபணு’. இந்தச் சோதனை பெரும்பாலும் மரபணுக்களைப் பார்ப்பதே இல்லை. டீ.என்.ஏ. இழையில், புரதம் செய்யும் கட்டளை இல்லாத இடங்களில், நாலெழுத்துத் துண்டு ஒன்று ஜி-ஏ-டி-ஏ, ஜி-ஏ-டி-ஏ என்று பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல அடுத்தடுத்து வரும். எத்தனை தடவை என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். ஓர் இடத்தில் தாய்வழி இழையில் 11, தகப்பன்வழி இழையில் 14 என்று இருக்கலாம். இப்படி இருபது இடங்களில் எண்ணிவிட்டால், உறவில்லாத இன்னொருவருக்கு அத்தனை எண்ணும் ஒத்துவருவது நடக்காத காரியம். காய்ந்த இரத்தக் கறை போதும். வேண்டிய துண்டுகளை மட்டும் இலட்சக்கணக்கில் படியெடுத்து அளக்கிறார்கள். சுனாமியில் தப்பிய கல்முனைக் கைக்குழந்தையின் பெற்றோர் யாரென்று 2005இல் உறுதியானதும் டீ.என்.ஏ. சோதனையால்தான்.

அப்புறம் ‘ரேகை’. 1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் இதைக் கண்டபோது எக்ஸ்ரே படத்தில் கோடுகோடாக விழுந்தது. அந்தப் பெயருக்கு அன்று நியாயம் இருந்தது. இன்று கையில் கிடைப்பது எண்கள். அதைவிட, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு விரல்ரேகை வேறுவேறு, டீ.என்.ஏ. சோதனையின் விடை மட்டும் ஒன்று.

இலங்கை மலையகத்தில் எங்கள் தலவாக்கலைப் பக்கம் வந்தால் இதைத் தேயிலை மலையிலேயே காட்டலாம். வீ.பீ. தேயிலை என்பது விதை போடாமல், தாய்ச்செடியில் ஓர் இலையும் கணுவுமாக வெட்டி நட்டு வளர்த்தது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ‘டீ.ஆர்.ஐ. 2025’ என்ற இனம் மட்டும் நட்ட மலையில் எந்தச் செடியில் கொழுந்து கிள்ளிச் சோதித்தாலும் ஒரே விடைதான். பழைய விதைத் தேயிலை என்றால் செடிக்குச் செடி வேறு. நாற்றுமேடையில் இனம் கலந்துவிட்டதா என்று இந்தச் சோதனை சொல்லும், எந்தச் செடி என்று சொல்லாது. ரேகை என்றால் செடிக்கு ஒன்று இருக்க வேண்டாமா?

அதனால் ‘மரபடையாளம்’ என்று யோசித்தேன். பெருவிரல் அடையாளம் வைத்துச் சம்பளம் வாங்கிய பாட்டிமார் உள்ள ஊர் இது, ‘அடையாளம்’ புதுச்சொல் இல்லை. தேயிலை இனத்துக்கும் அடையாளம் உண்டு, ஆளுக்கும் உண்டு. ஆனால் பக்கத்து வகுப்பு டீச்சர் பார்த்துவிட்டு, “மலையகத் தமிழர் மரபடையாளம் பற்றிக் கட்டுரை எழுதுறீங்களா சேர்?” என்று கேட்டார். சரி, அது அங்கேயே விழுந்தது.

இப்போது என் வாக்கு ‘டீ.என்.ஏ. அடையாளம்’. செய்யும் வேலைக்கு ‘டீ.என்.ஏ. அடையாளம் எடுத்தல்’. தமிழில்லை என்பீர்கள், ‘தேயிலை’யில் இருக்கும் ‘தே’ மட்டும் எங்கிருந்து வந்ததாம்?