மலையில் சந்தித்தவர்கள்: ஸ்னோபோர்டு ஓட்டும் நம்மவர்களின் அனுபவப் பகிர்வு

மிச்சிகன்வாசி

ஸ்னோபோர்டு, அதாவது இரு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் விளையாட்டு, ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தனிப் போக்கு உண்டு என்று எல்லோரும் சொல்கிறோம். அது என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு தத்துவம் பேசுகிறோம். இங்கே தத்துவம் வேண்டாம். மலையில் யாரைப் பார்த்தீர்கள், என்ன நடந்தது, அதை மட்டும் எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

நான் இருப்பது கிராண்ட் ராபிட்ஸ். இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மஸ்கீகன் போய்விடலாம். 1965 கிறிஸ்துமஸ் அன்று ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்கள் விளையாட இரண்டு ஸ்கீ பலகைகளை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தது அந்த ஊரில்தான். அதுதான் ஸ்னோபோர்டின் முன்னோடியான ஸ்னர்ஃபர். காலைப் பூட்டிக்கொள்ள பைண்டிங் கிடையாது. முன்முனையில் ஒரு கயிறு, அவ்வளவுதான். பிறகு பிரன்ஸ்விக் நிறுவனம் உரிமம் பெற்று அதை லட்சக்கணக்கில் விற்றது.

எங்கள் ஊர்ப்பக்கத்துச் சின்ன மலையில் ஒரு மாலை சேர்லிஃப்டில், அதாவது மேலே ஏற்றிச்செல்லும் தொங்கு நாற்காலியில், என் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். காலில் போர்டு. பேச்சுக் கொடுத்தேன். 1979 ஸ்னர்ஃபர் போட்டியைப் பார்க்கப் போயிருந்தாராம். பர்ட்டன் ஸ்னோபோர்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஜேக் பர்ட்டன் கார்பென்டர் வெர்மான்ட்டிலிருந்து தானே செய்த பலகையுடன் வந்த போட்டி அது. அந்தப் பலகையில் பைண்டிங் இருந்தது. "இது ஸ்னர்ஃபரே இல்லை, சேர்க்கக் கூடாது" என்று சிலர் சண்டைக்கு நிற்க, வேறு சிலர் அவர் பக்கம் பேச, கடைசியில் அவருக்கென்று தனிப் பிரிவு ஒன்றை உண்டாக்கினார்கள். அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான் போட்டியாளர், ஆகவே அவரே வெற்றியாளர்! இதைச் சொல்லிவிட்டுப் பெரியவர் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. "அன்றைக்கு வெளியே போ என்று கத்தியவர்களில் பாதிப்பேர் அடுத்த வருஷமே பைண்டிங் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்" என்றார். பாதிப்பேர் என்பது அவர் கணக்கு.

வெர்மான்ட் வழிப்போக்கன்

வெளியே போ என்ற கதை அதோடு முடியவில்லையே அண்ணா. எண்பதுகளின் முதல் பாதியில் அமெரிக்காவின் பெரும்பாலான ஸ்கீ மலைகளில் போர்டுக்கு இடமில்லை. எங்கள் வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் மலை 1983இல் அனுமதித்தது. அதற்கு முன்பெல்லாம் லிஃப்ட் நின்ற பிறகு ராத்திரியில் நடந்தே ஏறி இறங்கியவர்கள் உண்டு. அனுமதித்த இடங்களிலும் சும்மா விடவில்லை. திருப்பத் தெரிகிறதா, நிறுத்தத் தெரிகிறதா என்று சோதனை வைத்து, தேறியவர்களுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். இங்கே லிஃப்ட் இயக்கும் ஒருவர் அந்த அட்டையை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார். அவரை மீறி நான் வரிசையில் ஒருமுறை கூட முன்னால் போனதில்லை.

இன்னொரு சந்திப்பு. வெர்மான்ட்டின் மேட் ரிவர் க்ளென் தெரியும்தானே? அமெரிக்காவில் இன்றைக்கும் போர்டு அனுமதிக்காத மூன்று ஸ்கீ மலைகளில் ஒன்று. மற்ற இரண்டும் யூட்டாவில், ஆல்ட்டாவும் டியர் வேலியும். 1995 முதல் மேட் ரிவர் ஸ்கீ ஓட்டிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். ஒருவர் மட்டும் உட்காரும் பழைய லிஃப்ட், பெரும்பாலும் இயற்கைப் பனி, மேடுபள்ளமான பாதை. ஒருநாள் வழியில் வண்டியை அங்கே நிறுத்தி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிக் கூரையில் என் போர்டு. ஒரு வயதான ஸ்கீக்காரர் நேராக என்னிடம் வந்தார். சரி, வம்பு வந்தது என்று நினைத்தேன். அவரோ, "உன் கால் அளவு என்ன? என் மகனுடைய ஸ்கீ வண்டியில் சும்மாதான் கிடக்கிறது, வா, கற்றுத் தருகிறேன்" என்றார். போனேன். பாதி நாள் விழுந்தே கழிந்தது.

ஆல்ட்டாவின் தடையை எதிர்த்துச் சிலர் 2014இல் வழக்குப் போட்டு, 2016இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். என் நண்பர்கள் பலருக்கு அதில் கோபம். எனக்கு மேட் ரிவர்க்காரர்கள் மேல் கோபம் வரவில்லை. பெரிய கம்பெனிக்கு விற்காமல், செயற்கைப் பனியை எங்கும் கொட்டி மெழுகாமல், எங்கள் மலை இப்படித்தான் என்று அடம்பிடிக்கிறார்களே, அந்தப் பிடிவாதம் நம் ஆட்களுடையது மாதிரியே இருக்கிறது.

சியாட்டில் மழை

பிடிவாதம் என்றால் எங்கள் வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் பேக்கருக்கு வாருங்கள். 1998-99 பருவத்தில் 1,140 அங்குலம், அதாவது ஏறத்தாழ 29 மீட்டர் பனி விழுந்த மலை. ஒரு பருவத்தில் அளந்து பதிவானதில் அதுதான் உலகச் சாதனை. 1985 முதல் அங்கே லெஜண்டரி பேங்க்ட் ஸ்லாலம் என்ற ஸ்னோபோர்டு போட்டி நடக்கிறது. இயற்கையாக அமைந்த ஓர் ஓடைப் பள்ளத்தில், மண்வெட்டியால் பனியை வெட்டிச் சாய்வாக அடுக்கிய வளைவுகள் வழியாக வேகமாக இறங்க வேண்டும். முதல் வருஷம் ஜெயித்தவர் ஸ்னோபோர்டு முன்னோடிகளில் ஒருவரான டாம் சிம்ஸ். நார்வேயின் டெர்யே ஹாகோன்சென் பலமுறை ஜெயித்திருக்கிறார். பரிசு என்ன தெரியுமா? தங்க நிற டக்ட் டேப் உருளை ஒன்று! வீட்டில் குழாய் ஒழுகினால் சுற்றுகிற அதே டேப்தான். அந்த உருளைக்காக ஒலிம்பிக் வீரர்களும் உள்ளூர்ச் சிறுவர்களும் ஒரே பாதையில் இறங்குகிறார்கள்.

பார்வையாளனாகத்தான் போனேன். கார் நிறுத்துமிடத்தில் ஒரு பெண் தன் பைண்டிங்கின் பட்டை அறுந்துபோய்த் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வர அதிக நேரமில்லை. பக்கத்து வேனிலிருந்து ஒருவர் இறங்கி, ஒன்றும் பேசாமல் தன் போர்டிலிருந்த பட்டையைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார். அவருடைய சொந்த ஓட்டம் என்னாயிற்று என்று பிறகு கேட்டேன். "அவள் முடித்துவிட்டு வந்ததும் திரும்ப வாங்கி ஓட்டினேன், கடைசியில் வந்தேன்" என்றார். அதே நேரம் வேனில் தோசைக்கல் அளவு வாணலியில் யாருக்கோ முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் கிடைத்தது.

ஸ்கார்பரோ

எல்லாரும் உருகி எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபிக்காதீர்கள்.

பெரிய மலைகள் சிலவற்றில் ஒருநாள் டிக்கெட் 200 டாலரைத் தாண்டிவிட்டது. பூட்ஸ், பைண்டிங், போர்டு, ஹெல்மெட் என்று புதிதாக வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும். "எல்லாருக்கும் திறந்த கலாசாரம்" என்று சுவரொட்டியில் போடுகிறார்கள். அந்த லிஃப்ட் வரிசையில் என்னைப் போன்ற நிறத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும், யாருக்குத் திறந்திருக்கிறது என்று. விரட்டப்பட்டவர்களாகத் தொடங்கியவர்கள் இப்போது விரட்டும் விலையில் விற்கிறார்கள்.

ஒலிம்பிக்கையும் சொல்ல வேண்டும். 1998 நாகானோவில் ஸ்னோபோர்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்தபோது, ஸ்னோபோர்டுக்காரர்கள் தாங்களே நடத்திய சங்கத்தை ஒதுக்கிவிட்டு ஸ்கீ சம்மேளனத்தின் கையில் கொடுத்தார்கள். அதைக் கண்டித்து, அன்றைக்கு உலகின் சிறந்த ஆளாக இருந்த ஹாகோன்சென் போகவே இல்லை. மற்றவர்கள் போனார்கள். போனதால்தான் என் மாதிரி ஆட்கள் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தோம். இதில் யார் சரி என்று எனக்கு இன்றைக்கும் முடிவு கிடைக்கவில்லை.

சரி, சந்திப்பு ஒன்று சொல்லாவிட்டால் விதிமீறல். பழைய சாமான் விற்கும் இடத்தில் என் மகளுக்குப் போர்டு தேடிக்கொண்டிருந்தேன். பதினாறு வயதுப் பையன் ஒருவன் தன்னுடையதை விற்க வந்தவன். விலை பேசும்போது மகளை நிற்கச் சொல்லி நாடி உயரத்தைப் பார்த்தான், எடையைக் கேட்டான். "இது இவளுக்கு நீளம், வளையாது, வாங்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு, எதிர் மேசையில் இருந்த வேறொருவருடைய போர்டைக் காட்டினான். தன் வியாபாரத்தை விட்டுவிட்டு எங்களோடு வந்து அந்த ஆளிடம் விலையும் குறைத்துத் தந்தான். அதனால் முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை.

வெர்மான்ட் வழிப்போக்கன்

நீங்கள் சொன்ன விலை விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் ஒலிம்பிக் முழுவதையும் அந்தப் பக்கம் தள்ளிவிட முடியாது. 2022 பெய்ஜிங்கில் பெண்கள் ஸ்லோப்ஸ்டைல், அதாவது தடைகளிலும் தாவல்களிலும் வித்தை காட்டும் போட்டி, பார்த்தீர்களா? நியூசிலாந்தின் ஸோயி சடோவ்ஸ்கி-சின்னாட் கடைசி ஓட்டத்தில் முதலிடத்தைப் பறித்துக்கொண்டு கீழே வந்தார். அதுவரை முதலிடத்தில் இருந்த ஜூலியா மரினோவும் வெண்கலம் வென்ற டெஸ் கோடியும் ஓடிப்போய் அவர்மேல் விழுந்து பனியில் உருட்டிக் கொண்டாடினார்கள். மரினோவுக்குத் தங்கம் கைநழுவிய அரை நிமிஷத்தில்!

எங்கள் ஸ்ட்ராட்டன் பள்ளியில் படித்த லிண்ட்ஸே ஜேகபெல்லிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 டூரின் ஒலிம்பிக்கில், பலர் ஒன்றாக இறங்கும் ஸ்னோபோர்டு பந்தயத்தில், வெகுதூரம் முன்னால் வந்துகொண்டிருந்தவர், எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு தாவலில் போர்டைக் கையால் பிடித்து அழகு காட்டப்போய் விழுந்தார். வெள்ளிதான் கிடைத்தது. உலகமே திட்டியது. இங்கே மலையில் நான் கேட்ட ஸ்னோபோர்டுக்காரர்களில் அதைப் பெரிய குற்றமாகச் சொன்னவர் குறைவு. "காற்றில் இருக்கும்போது பிடிக்கத் தோன்றியது, பிடித்தாள்" என்பார்கள். 2022இல், 36 வயதில், இரண்டு தங்கம் வாங்கினார்.

சப்போரோ

ஜப்பானில் வேறு மாதிரி. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிவந்து ஹொக்கைடோ மலைகளில் கொட்டுவதால் இங்கே பவுடருக்கு, அதாவது மாவு போன்ற புதுப் பனிக்கு, பஞ்சமில்லை. நிசெகோவில் தாரோ தமாய் தொடங்கிய ஜென்டெம்ஸ்டிக் போர்டுகளைப் பார்த்திருப்பீர்கள். தாவல், சுழற்சி எதுவும் அவர்களுக்கு முக்கியமில்லை. அலையில் சர்ஃப் செய்வதுபோல நிலத்தின் மேடுபள்ளத்தைப் படித்து ஓட்டுவதுதான்.

நிசெகோவில் ஸ்கீ தளத்தின் எல்லைக்கு வெளியே போகக் குறிப்பிட்ட கதவுகள் உண்டு. பனிச்சரிவு அபாயம் இருந்தால் மூடிவிடுவார்கள். கயிற்றைத் தாண்டினால் டிக்கெட்டைப் பறிப்பார்கள். ஒரு காலையில் கதவு திறக்கக் காத்திருந்த கூட்டத்தில் முதல் ஆள் ஓர் உள்ளூர்ப் பெரியவர். ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. கதவு திறந்தது. எல்லோரும் பாய்ந்தோம். அவர் மட்டும் ஒதுங்கி நின்று எல்லோரையும் போகவிட்டார். ஏன் என்று அரைகுறை ஜப்பானியத்தில் கேட்டேன். "எனக்கு நாளைக்கும் இருக்கிறது. நீங்கள் விடுமுறையில் வந்தவர்கள்" என்றார். நான் இங்கேயே குடியிருப்பவன் என்பதைச் சொல்ல அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

கால்கரிக்காரன்

பனிச்சரிவு பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். மேற்குக் கனடாவின் ரெவெல்ஸ்டோக்கில் பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்புக்குப் போயிருந்தேன். பயிற்சி தந்த பெண்மணி முதல் பாடத்துக்கு முன் கிரெய்க் கெல்லி பற்றிப் பேசினார். ஸ்னோபோர்டில் நான்கு முறை உலகச் சாம்பியன். புகழின் உச்சத்தில் போட்டிகளை விட்டுவிட்டு மலைக்குள் போனவர். ஸ்ப்ளிட்போர்டு என்று நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் போர்டு உண்டு, ஏறும்போது ஸ்கீ, இறங்கும்போது போர்டு. அதில் போய், கனடாவில் மலை வழிகாட்டிக்கான பயிற்சியைப் பெற்றுவந்தார். 2003 ஜனவரி 20 அன்று ரெவெல்ஸ்டோக்கை அடுத்த மலைகளில் பனிச்சரிவு ஏழு பேரைக் கொன்றது. அவர்களில் ஒருவர் கெல்லி. வயது 36.

"அவருக்குத் தெரியாததையா நான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்? அதனால்தான் ஒழுங்காகக் கேளுங்கள்" என்றார் அந்தப் பயிற்சியாளர். அந்த வார இறுதி முழுவதும் பனியில் புதைத்த பீக்கனை, அதாவது புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியை, தேடித் தோண்டுவதுதான் வேலை. ஓர் அழகான சரிவு எதிரில் இருந்தது, காலே படாத பனி. சோதனைக்காகக் குழி தோண்டி அடுக்குகளைப் பார்த்தோம். நடுவில் ஒரு பலவீனமான அடுக்கு. திரும்பி வந்துவிட்டோம். வகுப்பில் இருந்த, இதுவரை யார் பேச்சையும் கேட்காத இரண்டு இளைஞர்கள்தான் முதலில் திரும்பினார்கள்.

புதுவரவு, ஹாமில்டன்

வணக்கம். எனக்கு 44 வயது. பிள்ளைகள் ஓட்டுவதைப் பார்த்து ஆசை. இதெல்லாம் படித்தபிறகு ஆசை கூடிவிட்டது. இனிமேல் கற்கலாமா? சிரிப்பார்களா?

ஸ்கார்பரோ

தாராளமாக வாருங்கள். விலை பற்றிப் புலம்பியவனே சொல்கிறேன்: முதலில் எதையும் வாங்காதீர்கள், சின்ன மலையில் வார நாள் மாலையில் வாடகைக்கு எடுங்கள், செலவு பாதிக்கும் கீழே. மணிக்கட்டுக் கவசம் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். விழும்போது கையை விரித்து ஊன்றாமல் முஷ்டியை மூடிக்கொள்ளுங்கள். முதல் நாள் குதிகால் பக்க எட்ஜில், அதாவது பலகையின் விளிம்பில், பக்கவாட்டாகச் சறுக்கி இறங்கினாலே போதும். எடையை முன்காலில் வையுங்கள். பயத்தில் எல்லோரும் பின்னால் சாய்வோம், அப்போதுதான் போர்டு பேச்சுக் கேட்காது. சிரிப்பார்களா என்றால், சிரிப்பார்கள். பிறகு வந்து தூக்கியும் விடுவார்கள். அடுத்த புதன்கிழமை நானும் மகளும் போகிறோம், உங்கள் பூட்ஸ் அளவை எழுதுங்கள்.